கடல்நீர்த் தொட்டியைச் சென்னையிலிருந்து புனேவுக்குக் கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா?

5 ஏப்ரல் 2024 – வாசகர் கேள்வி

புனேவுக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. மே மாத இறுதிக்குள் வேளச்சேரி வீட்டைக் காலி செய்ய வேண்டும். வரவேற்பறையில் ஐந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. நீளம் நான்கடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி, கண்ணாடி 10 மி.மீ. அதில் ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு நீல டாங் மீன், ஒரு மாண்டரின் மீன், இரண்டு க்ளீனர் இறால், ஒரு அனிமோன் (பாறையில் ஒட்டி வாழும் பூப்போன்ற கடல் பிராணி), கொஞ்சம் மென்பவளங்கள் ஆகியவை இருக்கின்றன. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு மீன்களோடு அப்படியே லாரியில் ஏற்றிவிடலாம் என்கிறார் வீட்டுச் சாமான் ஏற்ற வந்து பார்த்த மேற்பார்வையாளர். எல்லாவற்றையும் விற்றுவிட்டு வரச் சொல்கிறார் மனைவி. எது சரி?

6 ஏப்ரல், இரவு

மேற்பார்வையாளர் சொல்வதை இப்போதே மறந்துவிடுங்கள். உங்கள் தொட்டியின் கொள்ளளவு ஒன்பது கன அடி, அதாவது ஏறக்குறைய 255 லிட்டர். கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது என்பதால் பாதித் தண்ணீரே 130 கிலோவுக்கு மேல் இருக்கும். 10 மி.மீ. கண்ணாடியில் இந்த அளவுத் தொட்டி வெறுமையாக இருக்கும்போதே 50 கிலோவைத் தாண்டும். பாறையும் மணலும் தனி. அசையாத ஸ்டாண்டின் மேல், நான்கு பக்கமும் சீராக அழுத்தும் நீரைத் தாங்குவதற்காகவே சிலிக்கோன் ஒட்டு போடப்படுகிறது. லாரி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்னும் பின்னும் மோதும் நீரை அது 1,200 கிலோமீட்டருக்குத் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒட்டு தாங்கினாலும், உள்ளே ஒரு பாறை உருண்டால் கண்ணாடி போய்விடும், மீனும் நசுங்கிவிடும்.

மனைவி சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதை வீட்டில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

"தொட்டி" என்று ஒரே பொருளாக நினைப்பதால்தான் முடிவெடுப்பது கடினமாகிறது. உங்களிடம் இருப்பவை கண்ணாடியும் இயந்திரங்களும், தண்ணீர், பாறையும் மணலும், உயிரினங்கள் என்று வெவ்வேறான நான்கு. கண்ணாடி புனேயிலும் கிடைக்கும், அளவு சொன்னால் ஒட்டித் தருவார்கள். தண்ணீரை அங்கே கலந்துகொள்ளலாம். ஆகவே கொண்டு போவதா விடுவதா என்ற கேள்வி உயிரினங்களைப் பற்றியது மட்டுமே. இப்போதைக்கு என் சாய்வு, எல்லாவற்றையும் சென்னையிலேயே நல்ல கைகளில் ஒப்படைத்துவிட்டுப் போவது என்ற பக்கம்தான். மே மாத வெயில்தான் முக்கியக் காரணம்.

7 ஏப்ரல்

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. "பழைய தண்ணீரில்தான் பாக்டீரியா இருக்கிறது, அதைக் கொட்டிவிட்டால் தொட்டி செத்துவிடும்" என்ற நம்பிக்கை கடல்நீர் வளர்ப்பவர்களிடம் பரவலாக இருக்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையின் துளைகளிலும் மணலிலும் வடிகட்டிப் பொருட்களிலும் ஒட்டி வாழ்பவை. நீரில் மிதப்பவை மிகச் சொற்பம். ஐந்து ஆண்டுத் தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தவிரச் சேமிக்கத் தக்கதாக எதுவும் இல்லை.

புதிதாகக் கலக்க லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் உப்புக் கலவை வேண்டும். உங்கள் தொட்டிக்கு ஒன்பது கிலோ அளவில் போதும். 250 கிலோ தண்ணீரைக் கொண்டு போவதா, ஒன்பது கிலோ உப்பைக் கொண்டு போவதா என்று கேட்டால் விடை சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் நம்மில் பலர் உப்புக் கலவையே வாங்குவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரைக்கோ கோவளத்துக்கோ போய், அலை உடையும் இடத்தைத் தாண்டி கேனில் பிடித்து வந்து, இருட்டில் சில நாள் வைத்துத் தெளியவிட்டுப் பயன்படுத்துகிறோம். (வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்புத்தன்மை இறங்கிவிடும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வழி கைகொடுக்காது என்பது தனிக்கதை.) நீங்களும் அப்படிச் செய்பவராக இருந்தால், புனேயில் அந்தப் பழக்கத்தைத் தொடர முடியாது. மும்பைக் கரைக்கு 150 கிலோமீட்டர், அந்த நகரத்தை ஒட்டிய நீரை நான் என் மீனுக்குக் கொடுக்க மாட்டேன். ஆர்.ஓ. இயந்திரமும் உப்பு மூட்டையும் மாதாந்தரச் செலவில் சேரும். இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

9 ஏப்ரல்

முதல் குறிப்பில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். கோமாளி மீன் ஜோடிக்கு எட்டு வயது என்று நீங்கள் இடையில் சொன்ன பிறகு அதே உறுதி இல்லை. தொட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த கோமாளி மீன்கள் உண்டு. எட்டு வயது என்பது அதற்கு நடுவயது கூட ஆகவில்லை. மேலும், அது தாங்கும் சக்தியுள்ள மீன். கடல் மீன்களில் பயணத்துக்கு ஏற்றவற்றைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். ஆகவே ஒவ்வொரு உயிரினமாகப் பார்ப்போம்.

மாண்டரினைக் கண்டிப்பாகக் கொண்டு போகாதீர்கள். அது உங்கள் பாறையில் ஐந்து ஆண்டுகளாகப் பெருகியிருக்கும் கோபிபாட் என்னும் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அளவுச் சிறு உயிரிகளை நாள் முழுவதும் கொத்தித் தின்று வாழ்கிறது. இடமாற்றத்தில் அந்தக் கூட்டம்தான் முதலில் அழியும். பயணத்தில் பிழைத்த மாண்டரின் புதிய தொட்டியில் சில வாரங்களில் வயிறு ஒட்டிப் பட்டினியால் சாகும். முதிர்ந்த பெரிய தொட்டி வைத்திருக்கும் சென்னை நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

நீல டாங்கின் வால் அடியில் இரு பக்கமும் கத்தி போன்ற முள் இருக்கிறது. பயந்தால் அதை விரித்துப் பாலித்தீன் பையைக் கிழித்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, அலைச்சலுக்குப் பின் வெண்புள்ளி நோய் முதலில் அதன் உடம்பில்தான் தெரியும். அதோடு, நான்கடித் தொட்டி முழு வளர்ச்சி அடைந்த நீல டாங்குக்கு எப்படியும் போதாது. அதைக் கொடுத்துவிட இது நல்ல சாக்கு.

அனிமோனைப் பற்றி எனக்கு இரண்டு மனம். அது உட்கார்ந்திருக்கும் பாறையோடு எடுக்க முடிந்தால் கொண்டு போகலாம். காலைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தால் வேண்டாம். அடிப்பாதம் கிழிந்த அனிமோன் வழியில் அழுகினால் அந்தப் பையில் உள்ள எல்லாமே கெடும்.

இறால்களும் மென்பவளங்களும் வரலாம். மென்பவளம் ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில் போகட்டும். மென்பவளங்களில் ஒரு வகையான தோல் பவளம் அலைச்சலில் வெளியிடும் வேதிப்பொருட்கள் பக்கத்தில் உள்ளவற்றை வாட்டிவிடும்.

9 ஏப்ரல், சற்றுப் பின்

கோமாளி ஜோடியை ஒரே பையில் போடலாமா என்று கேட்கிறார் இன்னொருவர். வேண்டாம். பெரியது பெண், சிறியது ஆண். ஒளிய இடமில்லாத பைக்குள் பெண் மீன் தன் எரிச்சலை எல்லாம் ஆண் மீனின் துடுப்பில்தான் காட்டும். தனித்தனிப் பை, ஒரே பெட்டி. பெண் இறந்துவிட்டால் ஆணே பெண்ணாக மாறிக் குடும்பத்தை நடத்தும் ஏற்பாடு அந்த இனத்தில் இருக்கிறது என்றாலும், அதைச் சோதித்துப் பார்க்கும் இடம் இந்தப் பயணம் இல்லை.

12 ஏப்ரல்

இந்த இழையில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள். நீண்ட பயணத்தில் மீன்கள் வழியில் சாவதைவிட வீடு வந்து சேர்ந்த பிறகு, பையைத் திறந்த அரை மணி நேரத்தில் சாவது அதிகம்.

பைக்குள் மீன் மூச்சுவிடுகிறது, கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது, நீரின் பி.எச். 8.2 இலிருந்து மெல்ல இறங்கி 7 பக்கம் வருகிறது. அதே நேரத்தில் மீனின் செவுள் வழியாக அம்மோனியாவும் வெளியேறிச் சேர்கிறது. பி.எச். குறைவாக இருக்கும் நீரில் அம்மோனியாவில் பெரும்பகுதி அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். 7 பக்கத்தில் நச்சு வடிவம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே பை மூடியிருக்கும் வரை மீன் தாங்கிக்கொள்கிறது. வீடு வந்ததும் ஆசையோடு பையைத் திறக்கிறோம். அடைபட்டிருந்த வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது. அதன்மேல் புது நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம், பி.எச். இன்னும் ஏறுகிறது. 8.2 க்கு வரும்போது நச்சு வடிவம் ஏறக்குறைய 7 விழுக்காடு ஆகிவிடும். அம்மோனியாவின் மொத்த அளவு கூடாமலே நஞ்சு பல மடங்கு கூடுகிறது. "மெதுவாகப் பழக்க வேண்டும்" என்று நாம் படித்ததைப் பக்தியோடு செய்து, ஒரு மணி நேரம் மீனை அந்த நீரிலேயே ஊறவைக்கிறோம்.

செய்ய வேண்டியது வேறு. கிளம்புவதற்கு முன் பையில் ஊற்றும் நீரின் உப்புத்தன்மையை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புனேயில் காத்திருக்கும் நீரை அதே எண்ணில், சான்றாக 1.025 என்றால் 1.025 இல், முன்கூட்டியே நிறுத்தி வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் மூடிய பையை நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலையை மட்டும் சமன் செய்யுங்கள், பதினைந்து இருபது நிமிடம் போதும். பிறகு பையைத் திறந்த உடனே மீனை எடுத்து நீரில் விட்டுவிட்டு, பை நீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள். ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்துவது இதே காரணத்துக்காகத்தான். வெறும் வயிற்றோடு கிளம்பும் மீன் பையை அசுத்தமாக்குவது மிகக் குறைவு. இரண்டு நாள் பட்டினியால் நல்ல உடம்புள்ள மீனுக்கு ஒன்றும் ஆகாது. நம் வீட்டில் பயணத்துக்குப் புளியோதரை கட்டுவதுபோல் மீனுக்கும் கட்டிக் கொடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து அடக்கிக்கொள்ளவும்.

13 ஏப்ரல்

நேற்று எழுதியது மீன்களுக்கு மட்டும். இறால்களுக்கு அப்படிச் செய்தால் செத்துவிடும் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அது சரி. இறால், நண்டு போன்றவை உப்புத்தன்மையின் சிறு மாற்றத்தைக்கூடத் தாங்குவதில்லை. அதே சமயம் அவை பைக்குள் சேர்க்கும் அம்மோனியா சொற்பம். ஆகவே இறாலைத் தனிப் பையில் கொண்டு போய், திறந்த பிறகு சொட்டு முறையில் பொறுமையாகப் பழக்கலாம்.

நேற்றைய முறை நீண்ட பயணத்துக்குத்தான். கொளத்தூரில் வாங்கி ஒரு மணி நேரத்தில் வேளச்சேரிக்குக் கொண்டு வரும் மீனுக்கு வழக்கமான முறையே போதும்.

சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு நான் குடிபெயர்ந்தபோது என் கோமாளிகள் பையில்தான் வந்தன. நள்ளிரவுக்கு மேல் வீடு சேர்ந்தோம், அந்த நேரம் பார்த்து மின்சாரம் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் பெரிய மீன் பையின் மூலையில் ஒருக்களித்துக் கிடந்தது, செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. போய்விட்டது என்றே நினைத்தேன். புது நீரில் விட்டதும் அடித்தரையில் சிறிது நேரம் சாய்ந்திருந்துவிட்டு நிமிர்ந்துகொண்டது. பயணக் களைப்பில் கோமாளிகள் அப்படிக் கிடப்பது உண்டு. கண்டவுடன் பதறிப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

அதற்கு அடுத்த குடிபெயர்வில், ஹைதராபாத்திலிருந்து பெங்களூருக்கு வந்தபோது, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். தொலைவு ஏறக்குறைய அதேதான். பெங்களூரில் முதல் இரண்டு மாதம் தங்கியது அலுவலக விடுதி என்பதுதான் வேறுபாடு. போய்ச் சேரும் இடத்தில் நீரும் பாறையும் மின்சாரமும் தயாராகக் காத்திருக்கின்றனவா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 600 கிலோமீட்டரா 1,200 கிலோமீட்டரா என்பது அதற்கு அடுத்தபடிதான்.

17 ஏப்ரல்

எந்த வழியில் என்ற கேள்விக்கு. மீன்கள் சாமான் லாரியில் போகக் கூடாது. மே மாத வெயிலில் மூடிய லாரியின் உட்புறம் அடுப்புதான். லாரி என்று வரும் என்பதும் ஓட்டுநரின் மனநிலையைப் பொறுத்தது. ரயில் பார்சலில் வண்ணமீன்கள் போவது உண்மைதான். ஆனால் அவை இரண்டு முனையிலும் ஆள் காத்திருக்கும் வியாபாரச் சரக்குகள். நடைமேடையில் வெயிலில் கிடக்கும் உங்கள் பெட்டியைப் பற்றி யாருக்கும் கவலை இராது.

சொந்தக் கார், ஏ.சி. போட்டு, இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதுதான் சரி. வேலூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா என்று சாலை முழுவதும் நன்றாகவே இருக்கும். பிற்பகலில் கிளம்பினால் வெயிலின் பெரும்பகுதி தப்பும். ஓட்டுநர் ஓய்வுக்கு நிறுத்தும்போது காரை வெயிலில் விட்டு ஏ.சி.யை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒருவர் காரில் இருக்கட்டும்.

பை கட்டுவதைக் கொளத்தூரில் வண்ணமீன் வெளியூருக்கு அனுப்பும் கடை ஏதேனும் ஒன்றில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் நிரப்ப வேண்டும், வாயால் ஊதிய பை உதவாது. மூன்றில் ஒரு பங்கு நீர், மிச்சம் ஆக்சிஜன், இரட்டைப் பை, அடி மூலைகளை ரப்பர் பாண்டால் மடக்கிக் கட்டுவது. மூலையில் மீன் சிக்கி நசுங்காமலிருக்க இது. பைகளைத் தெர்மோகோல் பெட்டியில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, சந்துகளில் செய்தித்தாள் திணித்து, மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். இருட்டில் மீன் அமைதியாக இருக்கும். அவ்வப்போது திறந்து பார்க்கத் தோன்றும், திறக்காதீர்கள்.

18 ஏப்ரல்

பாறையைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஒன்று. உங்கள் "லைவ் ராக்", அதாவது நுண்ணுயிர்கள் குடியேறிய அந்தப் பாறை, எங்கிருந்து வந்தது?

கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே அட்டவணை. கடல்குதிரையும் கடல் அட்டையும் அந்தச் சமயத்தில்தான் சேர்ந்தன. உயிருள்ள பவளம் மட்டும் என்று நினைக்க வேண்டாம், அதன் எலும்புக்கூடான காய்ந்த பவளக்கல்லுக்கும் இது பொருந்தும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986 இல் அறிவிக்கப்பட்டதன் பின்னணியில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்த பழைய வரலாறு இருக்கிறது. 2022 திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனங்களும் தனி அட்டவணையாகச் சேர்க்கப்பட்டன.

செயற்கைப் பீங்கான் பாறையோ சிமெண்ட் பாறையோ என்றால் கவலையில்லை, வாங்கிய ரசீது இருந்தால் காரில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாறை உண்மையான பவளக்கல் என்றால், மாநில எல்லைகள் தாண்டிக் கொண்டு போவது பற்றிய என் ஆலோசனை எதுவும் இங்கே கிடைக்காது. வனத்துறையிடம் கேளுங்கள்.

22 ஏப்ரல்

செயற்கைப் பாறைதான், ஐந்து ஆண்டு ஊறியது, முப்பது கிலோ என்கிறார் கேள்வி கேட்டவர். நல்லது. அப்படியானால் உங்கள் தொட்டியின் உண்மையான சொத்து அதுதான், அதன் துளைகளில் இருக்கும் பாக்டீரியாதான் வடிகட்டி. ஈரத் துண்டிலோ நனைத்த செய்தித்தாளிலோ சுற்றித் தெர்மோகோல் பெட்டியில் மூடினால் ஒன்றரை நாள் தாங்கும். மேலே ஒட்டியிருக்கும் கடற்பஞ்சு, புழு போன்றவற்றில் ஒரு பகுதி வழியில் சாகும், அது அங்கே போய் அம்மோனியாவாக வெளிவரும். அதனால்தான் பாறை போன அன்றே மீனையும் விடக் கூடாது.

மணலை விட்டுவிடுங்கள். ஐந்து ஆண்டு மணலின் அடியில் காற்றுப் புகாத கறுத்த அடுக்கு இருக்கும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு. அத்தோடு சேர்ந்திருக்கும் கழிவும் புதுத் தொட்டியில் கலந்தால் முதல் வாரமே மோசமாகிவிடும். மேலடுக்கில் ஒரு கோப்பை எடுத்துப் போனால் விதைக்குப் போதும்.

மிக முக்கியமான எச்சரிக்கை. உங்கள் மென்பவளங்களில் ஜோவாந்திட் வகை இருக்கிறது என்று படத்தில் தெரிகிறது. அவற்றில் சில இனங்களில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய பாறையைப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், சுடுநீர் ஊற்றாதீர்கள், எந்த நிலையிலும் கொதிக்கவைக்காதீர்கள். கிளம்பும் ஆவியை முகர்ந்ததாலேயே வெளிநாடுகளில் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நீருக்குள் வைத்தே எடுங்கள். வீடு காலி செய்யும் பரபரப்பில் உதவிக்கு வரும் ஆட்களிடம் "இதைக் கழுவிக் கொடுப்பா" என்று நீட்டிவிடாதீர்கள்.

25 ஏப்ரல்

புனே முனை. வாடகை வீடு, ஆறாவது மாடி. நிரம்பிய தொட்டி, பாறை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 400 கிலோ பக்கம் வரும், அதுவும் அரைச் சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில். குடியிருப்பு அறைகளுக்கு இந்தியத் தரநிலை வகுத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. அதைப் பார்த்துத் தளம் இடிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அந்த அளவு அறை முழுவதும் பரவிய சுமைக்கானது. ஆனால் தொட்டியை அறையின் நடுவில் வைக்காமல், உத்தரத்தின் மேல் எழும்பிய சுவரை ஒட்டி, நீளவாட்டில் வையுங்கள். வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் நீர் நிரப்பாதீர்கள். உப்பு போடுவதற்கு முன் குளியலறையிலோ பால்கனியிலோ வைத்துச் சாதாரண நீரை நிரப்பி ஒரு நாள் கசிவு பாருங்கள்.

சென்னையில் நீரைக் குளிர்விக்கும் சில்லருக்கு எவ்வளவு செலவழித்தீர்களோ தெரியாது. புனேயில் கோடைப் பகல் கொதித்தாலும் இரவு தணியும். ஜனவரியில் இரவு வெப்பநிலை 11, 12 டிகிரிக்கு இறங்கும். சென்னைக்காரர்கள் வாழ்நாளில் வாங்காத பொருளான ஹீட்டர் அங்கே கட்டாயம்.

28 ஏப்ரல்

இரண்டு பயணமாகப் பிரிக்க முடியும் என்கிறார் கேள்வி கேட்டவர். மே முதல் வாரத்தில் அலுவலகத்தில் சேர அவர் மட்டும் போகிறார், மே இறுதியில் குடும்பம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இழை பாதியாகக் குறைந்திருக்கும்.

அப்படியானால் நான் ஆறாம் தேதி எழுதிய சாய்வை முழுவதுமாக மாற்றிக்கொள்கிறேன். கொண்டு போங்கள். முதல் பயணத்தில் பாறையில் முக்கால் பங்கு, உப்பு, ஒரு பவர்ஹெட் (நீரோட்டம் தரும் சிறு மோட்டார்), நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. அங்கே உப்புநீர் கலந்து பாறையைப் போட்டு ஓடவிடுங்கள். அம்மோனியா ஏறி, மறுபடி பூச்சியத்துக்கு வரும் வரை வாரக்கணக்கில் உங்களுக்கு நேரம் இருக்கிறது. மீதிக் கால் பங்குப் பாறையோடு சென்னைத் தொட்டி அதுவரை ஓடட்டும், தீனியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். மாண்டரினும் டாங்கும் அதற்கு முன்பே வேறு வீடு போய்விட வேண்டும். இரண்டாம் பயணத்தில் கோமாளிகளும் இறால்களும் பவளங்களும் ஓடிக்கொண்டிருக்கும் நீருக்கு வந்து சேரும். பெரிய தொட்டி லாரியில் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், உடைந்து வந்தாலும் உயிரிழப்பு இல்லை.

அனிமோனை மட்டும் விட்டுவிடுங்கள். வளர்ந்த தொட்டியில் கூட இடம் பிடிக்காமல் அலையும் பிராணி அது, நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் பவர்ஹெட்டுக்குள் போய்ச் சிக்கும். அனிமோன் இல்லாமல் கோமாளிகள் ஏங்கிப்போகும் என்பது நம் கற்பனை. தோல் பவளத்தையோ, அது இல்லாவிட்டால் ஒரு மண் சட்டியையோ சொந்தம் கொண்டாடிக்கொள்ளும்.

3 ஜூன்

மீன்கள் போய்ச் சேர்ந்து தீனி எடுக்கின்றன, ஒரு இறால் மட்டும் செத்துக் கிடக்கிறது என்று செய்தி. அந்தச் சடலத்தைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடி போல ஒளி ஊடுருவும், உள்ளே காலி. தோலுரித்திருக்கிறது. நீர் மாறினால் இறால்கள் ஓரிரு நாளில் சட்டையைக் கழற்றுவது வழக்கம். புது ஓடு கெட்டிப்படும் வரை பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும், தேடிப் பாறைகளைப் புரட்டாதீர்கள்.

அம்மோனியா சோதனையில் 0.25 காட்டுகிறது என்பதுதான் கவலைக்குரியது. தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்குங்கள், நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள், கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை ஓடவிடுங்கள். பெரிய தொட்டி வந்துவிட்டது என்பதற்காக இந்த வாரமே பாறையை அதற்கு மாற்ற வேண்டாம். எண் பூச்சியத்தில் நிலைத்து இரண்டு வாரம் ஆகட்டும்.

4 ஜூன்

புனேயில் அழகான டாங் ஒன்றைக் கடையில் பார்த்தாராம். பார்த்ததோடு நிற்கட்டும். அந்தப் பணத்தில் 300 வாட் ஹீட்டர் ஒன்று வாங்குவதற்குப் பதில் 150 வாட் ஹீட்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் சிக்கி அணையாமல் போனால் பெரிய ஹீட்டர் தொட்டியை வேகவைத்துவிடும், சிறியதால் அவ்வளவு சுலபமாக முடியாது. குளிரில் ஒன்று பழுதானாலும் மற்றொன்று காலை வரை தாங்கும்.